அச்சடித்த சீட்டைத் திரும்ப வாங்க முடியாது: புதிதாகச் சீட்டு விளையாட்டு கொண்டுவருவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வருடம் நண்பர் ஒருவர் தான் வடிவமைத்த சீட்டு விளையாட்டை ஆடிப்பார்க்கக் கொண்டுவந்தார். முதலில் ஓர் அச்சகத்தில் அறுபது சீட்டு அடித்திருந்தார். ஆறு மாதம் கழித்து வேறு அச்சகத்தில் இருபது புதுச் சீட்டு. இரண்டையும் சேர்த்துக் கலைத்துப் போட்டு ஆடத் தொடங்கினோம். மூன்றாவது சுற்றிலேயே விஷயம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பின்பக்க நீலம் கொஞ்சம் வெளுத்திருந்தால் அது புதுச் சீட்டு. அடுத்து எடுக்கப்போவது எந்த வகை என்று கட்டைப் பார்த்தே சொல்ல முடிந்தது. அதற்குமேல் ஆட்டம் எங்கே நடக்கும்? நண்பர் முகம் வாடிப்போனது. பழைய கட்டு ஏற்கெனவே நாற்பது பேர் கையில் இருந்தது.

தேடிச் சேர்க்கும் சீட்டு விளையாட்டு என்றால், உள்ளே எந்தச் சீட்டு என்று தெரியாத பாக்கெட்டுகளை வாங்கிச் சேர்த்து, அவரவர் தன் கட்டைத் தானே அமைத்து ஆடுவது. அதன் சிக்கல் முழுவதும் இந்தக் கடைசி வரியில் இருக்கிறது. செயலியில் பிழை வந்தால் இரவோடு இரவாகத் திருத்திவிடலாம். சீட்டு அப்படியல்ல. விற்றுவிட்டால் அது வாங்கியவர் சொத்து. இதை நன்றாகப் புரிந்துகொள்ள, இந்த வகை விளையாட்டைத் தொடங்கிவைத்த மேஜிக்: தி கேதரிங்கின் முதல் மூன்று ஆண்டுகளைப் பார்த்தால் போதும்.

1993 ஆகஸ்டில் அமெரிக்காவில் அது வெளிவந்தது. வடிவமைத்த ரிச்சர்ட் கார்ஃபீல்ட் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம் படித்தவர். வெளியிட்டது சியாட்டில் பக்கத்தில் இருந்த விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் என்ற சின்ன நிறுவனம். அதன் தலைவர் பீட்டர் ஆட்கிசனிடம் கார்ஃபீல்ட் முதலில் கொண்டுபோனது ஒரு பலகை விளையாட்டு. தயாரிக்கச் செலவு அதிகம் என்று ஆட்கிசன் தயங்கினார். பையில் எடுத்துப்போகிற மாதிரி, சீக்கிரம் முடிகிற மாதிரி ஒன்று கிடைக்குமா என்று கேட்டார். அதற்கு வந்த பதில்தான் மேஜிக்.

முதலில் பின்பக்கம். கார்ஃபீல்டின் ஆரம்ப எண்ணம், ஒவ்வொரு தொகுதிக்கும் பின்பக்கம் வேறாக இருக்கட்டும் என்பது. 1993 டிசம்பரில் வந்த முதல் துணைத் தொகுதியான அரேபியன் நைட்ஸுக்கு வேறு பின்பக்கம் தயாராகவே இருந்தது. அப்படி அச்சாகியிருந்தால் பழைய சீட்டோடு புதியதைக் கலந்து ஆட முடியாது. ஆட்டக்காரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள், கடைசி நேரத்தில் திட்டம் மாறியது. அன்று முடிவானதை இன்றுவரை மாற்ற முடியவில்லை. 'டெக்மாஸ்டர்' என்று, அந்த நிறுவனத்தின் சீட்டு விளையாட்டு வரிசை ஒன்றின் பெயர் அந்தப் பின்பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பெயரில் வேறு விளையாட்டு எதுவும் இப்போது வருவதில்லை. ஆனாலும் வழக்கமான சீட்டு ஒவ்வொன்றின் முதுகிலும் அது அச்சாகிக்கொண்டே இருக்கிறது, எடுத்தால் சீட்டு காட்டிக்கொடுத்துவிடும் என்பதால். அதனால் பின்பக்கத்தில் வருடம், பதிப்பு எண், நாளைக்கு மாறக்கூடிய முத்திரை எதையும் போடாதீர்கள். அச்சகம் மாறினால் பழைய சீட்டை நேரில் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்து நிறம் பாருங்கள். கைபேசித் திரையில் பார்த்துச் சரி சொல்லாதீர்கள்.

நிறம் மட்டுமல்ல, முனையும் காட்டிக்கொடுக்கும். ஆல்ஃபா எனப்படும் மேஜிக்கின் முதல் அச்சில் சீட்டின் முனைகள் அதிகம் வளைந்திருந்தன. இரண்டே மாதத்தில் வந்த பீட்டாவில் வளைவு குறைந்துவிட்டது. ஒரு கட்டில் இரண்டையும் கலந்து ஓரத்தைத் தடவினால் எது ஆல்ஃபா என்று விரலுக்குத் தெரியும். போட்டிகளில் கட்டு முழுவதும் ஆல்ஃபாவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்பக்கம் தெரியாத உறை போட வேண்டும் என்று விதி செய்ய வேண்டியதாயிற்று. சீட்டை வடிவாக வெட்டும் டை கட்டிங்கை யார் செய்கிறார்கள், வெட்டும் அச்சான அந்த டை பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டு வைத்துக்கொள்வது இதற்காகத்தான்.

அடுத்த தவறு, ஆடிப்பார்க்கும் குழுவை மட்டும் நம்பிச் சீட்டுகளின் பலத்தை முடிவு செய்வது. மேஜிக்கை அவர்கள் அவசரமாக வெளியிடவில்லை, இரண்டு வருடம் ஆடிப்பார்த்தார்கள். ஆனால் அது மூடிய வட்டம். ஆளுக்குக் கொஞ்சம் சீட்டு, அதையே மாற்றி மாற்றி ஆடினார்கள். பலமான சீட்டு அரிதாக இருக்கும், ஊருக்கு ஒன்றிரண்டுதான் வரும், அதுவே சமநிலை தந்துவிடும் என்ற கணக்கு அங்கே சரியாக வந்தது. மக்கள் ஒரு கட்டும் சில பாக்கெட்டும் வாங்குவார்கள், மற்ற விளையாட்டுகளுக்குச் செலவழிக்கிற அளவுதான் செலவழிப்பார்கள் என்று எதிர்பார்த்தார்கள். நடந்ததோ வேறு. பெட்டி பெட்டியாக வாங்கினார்கள், தேவையானதைப் பண்டமாற்றில் சேர்த்தார்கள்.

பிளாக் லோட்டஸ் என்ற சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மேஜிக்கில் எதைச் செய்யவும் 'மானா' என்ற சக்தி வேண்டும். வழக்கமாக ஒரு முறைக்கு ஒன்றுதான் கூடும். பிளாக் லோட்டஸை மானா செலவில்லாமல் கீழே வைத்து, அதையே கழித்துவிட்டு, மூன்று மானாவை உடனே எடுத்துக்கொள்ளலாம். எதிராளி நான்காவது முறையில் செய்வதை நீங்கள் முதல் முறையிலேயே செய்துவிடுவீர்கள். கட்டில் ஒன்றே ஒன்று இருந்தால் அது அதிர்ஷ்டம். ஆனால் தொடக்க விதிப்படி கட்டுக்குக் குறைந்தது நாற்பது சீட்டு வேண்டும், அவ்வளவுதான். ஒரே சீட்டை எத்தனை வேண்டுமானாலும் வைக்கலாம். பணமும் பொறுமையும் உள்ளவர் கட்டு முழுக்க இப்படிப்பட்டவற்றை அடுக்கினால் எதிராளிக்கு வாய்ப்பே வராது. 1994 தொடக்கத்தில் போட்டி விதிகள் வந்தன. கட்டுக்குக் குறைந்தது அறுபது சீட்டு, ஒரே பெயரில் நான்குக்கு மேல் கூடாது, பிளாக் லோட்டஸ் போன்றவை ஒன்றே ஒன்று. சீட்டைத் திரும்ப வாங்க முடியாததால் விதியைக் கொண்டு கட்டினார்கள். ஆகவே ஆடிப்பார்க்கும்போது, பத்து மடங்கு செலவழிக்கிற ஆள் ஒருவரை வேண்டுமென்றே உருவாக்குங்கள். அரிய சீட்டு எல்லாவற்றையும் அவரிடம் கொடுத்து, மற்றவர்களை எப்படியாவது அடித்து நொறுக்கச் சொல்லுங்கள். அன்று மாலை தெரிந்துவிடும்.

சீட்டில் எழுதும் வாசகத்துக்கு வருகிறேன். தமிழில் விளையாட்டு செய்பவர்கள் இங்கே தனிக் கவனம் வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். மேஜிக்கை ஆடிப்பார்த்த காலத்தில் ஒருவர் கார்ஃபீல்டிடம் வந்து, தன்னிடம் நிச்சய வெற்றி தரும் சீட்டு ஒன்று இருப்பதாகச் சொன்னாராம். வாங்கிப் பார்த்தால், எதிராளி அடுத்த முறை ஆட முடியாது என்ற பொருளில் எழுதியதை அவர் 'அடுத்த முறையில் எதிராளி தோற்பார்' என்று படித்திருந்தார். ஆங்கில வாக்கியம் இரண்டுக்கும் இடம் கொடுத்தது. பிறகு வாசகத்தை மாற்றி, டைம் வாக் என்ற பெயரில் அச்சிட்டார்கள். தமிழிலும் இதே பள்ளம் இருக்கிறது. 'எதிராளி அடுத்த முறை இழப்பார்' என்று எழுதிப் பாருங்கள். 'முறையை' என்று ஓர் ஐ உருபு விடுபட்டதால் ஆட்டமே கவிழ்கிறது. இடம் போதவில்லை என்று உருபுகளை வெட்டாதீர்கள், எழுத்தைச் சிறிதாக்கினாலும் பரவாயில்லை. விளையாட்டைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லி, அவர் என்ன செய்கிறார் என்று பேசாமல் பாருங்கள்.

ஆல்ஃபாவில் மெய்ப்புப் பிழைகளும் இருந்தன. நான்கு மானா கேட்க வேண்டிய ஒரு சீட்டு இரண்டே கேட்டது. இன்னொன்றில் எத்தனை மானா வேண்டும் என்றே போடவில்லை. இரண்டு சீட்டுகள் தொகுதியில் விடுபட்டே போயின. பீட்டாவில் சேர்த்தார்கள்.

இனி அச்சு எண்ணிக்கை. புதியவர்களின் கைக்காசு அதிகம் போவது இங்கேதான். ஆல்ஃபா 26 லட்சம் சீட்டு, வேகமாகத் தீர்ந்தது. அக்டோபரில் பீட்டா 73 லட்சம், அதுவும் தீர்ந்தது. அரேபியன் நைட்ஸ் 50 லட்சம். 1994 மார்ச்சில் ஆன்டிக்விட்டிஸ் 1.5 கோடி, ஜூனில் லெஜண்ட்ஸ் 3.5 கோடி, ஆகஸ்டில் தி டார்க் 6.2 கோடி. எவ்வளவு அடித்தாலும் போதவில்லை. கடைக்காரர்கள் பத்துப் பெட்டி கேட்டால் இரண்டுதான் வந்தது. வியாபாரம் தெரிந்தவர் என்ன செய்வார்? பத்து வேண்டுமென்றால் ஐம்பது என்று எழுதுவார். எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள். அந்தக் கோரிக்கைகளை நம்பி, 1994 நவம்பரில் ஃபாலன் எம்பயர்ஸ் தொகுதியை 35 கோடிக்கும் மேல் அச்சிட்டார்கள். இம்முறை கேட்டவர்களுக்குக் கேட்டதெல்லாம் வந்து சேர்ந்தது. பல வருடம் அந்தப் பெட்டிகள் அலமாரியில் கிடந்தன, அடிமாட்டு விலைக்குப் போயின.

முதல் அச்சு இரண்டே வாரத்தில் தீர்ந்தால் மனம் குதிக்கும், அது இயல்பு. ஆனால் 'இன்னும் எத்தனை வேண்டும்' என்று கடையில் கேட்காதீர்கள். வாங்கிப்போனவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள், பிரித்து ஆடுகிறார்களா, இல்லை பிரிக்காமல் விலை ஏறட்டும் என்று வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். முடிந்தால் பாதிப் பணம் முன்பணமாக வாங்குங்கள். முன்பணம் கேட்டதும் ஐம்பது மறுபடி பத்தாகிவிடும்.

பணயம் வைத்து ஆடுவதையும் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் மேஜிக்கில் ஒவ்வொருவரும் தன் கட்டிலிருந்து ஒரு சீட்டைக் குருட்டாம்போக்கில் எடுத்துப் பணயமாக வைக்க, வென்றவர் அதை எடுத்துக்கொள்வார். ஆசையாகச் சேர்த்ததை இழக்க யாருக்கு மனம் வரும்? சூதாட்டம் என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. 1995க்குப் பிறகு, பணயத்தைக் குறிப்பிடும் புதுச் சீட்டே வெளிவரவில்லை. அந்த எண்ணம் உங்களுக்கு இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

கடைசியாக, கொடுக்கும் வாக்கு. பழைய தொகுதிகள் கிடைக்காமல் தவித்த புதியவர்களுக்காக 1995இல் க்ரானிகிள்ஸ் என்று ஒரு மறுபதிப்பு போட்டார்கள். ஆட வந்தவர்களுக்கு நல்லதுதான். ஆனால் விலை கொடுத்துச் சேர்த்து வைத்திருந்தவர்கள் கொதித்தார்கள். அவர்களைச் சமாதானப்படுத்த, 1996இல் ஒரு பட்டியல் போட்டு, இதில் உள்ளவற்றை இனி ஒருபோதும் அச்சிடமாட்டோம் என்று அறிவித்தார்கள். பிளாக் லோட்டஸும் அதில் இருக்கிறது. ஒரு வருடக் கோபத்துக்குக் கொடுத்த பதில் அந்த நிறுவனத்தின் கையை நிரந்தரமாகக் கட்டிப்போட்டது. 'வரையறுக்கப்பட்ட பதிப்பு', 'இனி வராது' என்ற சொற்களை உங்கள் விளம்பரத்தில் போடும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் வருடத்தில் சொல்லவேண்டியதெல்லாம், எந்தப் பதிப்பு என்று முன்பக்கத்தில் சின்னதாக ஒரு குறி வைப்போம், மறுபதிப்புக்கு வேறு குறி இருக்கும் என்பது மட்டுமே. சேர்ப்பவருக்கு முதல் பதிப்பு என்ற பெருமை இருக்கும், ஆட வருபவருக்குச் சீட்டும் கிடைக்கும்.

2022இல் மேஜிக்கின் முப்பதாம் ஆண்டுக்காக 1993 சீட்டுகளை மறுபடி அச்சிட்டார்கள், பிளாக் லோட்டஸ் உட்பட. நான்கு பாக்கெட் 999 டாலர். அந்த வாக்கு போட்டியில் ஆடக்கூடிய சீட்டுகளுக்கே என்பதால், அதை மீறாமலிருக்க ஒரு வழி இருந்தது. பின்பக்கத்தை வேறாக அச்சிட்டார்கள். அந்தச் சீட்டுகளைப் போட்டிகளில் ஆட முடியாது.