ஒலித்தரத்தைக் கூட்டும் மென்பொருளைச் சோதிப்பது எப்படி?

கணினியின் ஒலித்தரத்தை உயர்த்துவதாகச் சொல்லும் மென்பொருளை நிறுவியதுமே பாட்டு தெளிவாகக் கேட்டால், அது கூடுதல் ஒலியளவு செய்யும் மாயமாக இருக்கலாம். ஒரு டெசிபெல் கூடினால்கூட, சத்தம் கூடியதென்று உணராமல் ஒலி நன்றாகிவிட்டதென்றே காது எடுத்துக்கொள்ளும். ஆகவே, பணம் கட்டுவதற்கு முன் ஒலியளவைச் சமப்படுத்துங்கள்.

ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பிங்க் நாய்ஸ் எனப்படும் சீரான இரைச்சலை உருவாக்கி ஸ்பீக்கரில் ஓடவிட்டு, டெசிபெல் அளக்கும் செயலியைத் திறந்த கைப்பேசியை நீங்கள் உட்காரும் இடத்தில் அசையாமல் வையுங்கள். மென்பொருளை இயக்கினாலும் அணைத்தாலும் ஒரே எண் வரும்வரை அதன் வெளியீட்டைக் குறைத்து வாருங்கள். அந்த எண் துல்லியமானதா என்பது இங்கே முக்கியமில்லை.

பிறகு உங்களுக்கு நன்கு பழகிய பதிவொன்றை எடுங்கள். நான் மிருதங்கத் தனி ஆவர்த்தனத்தையே எடுப்பேன். பாஸ் எனப்படும் தாழ்ந்த ஒலி செயற்கையாக ஏற்றப்பட்டிருந்தால், மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் கும்காரம் நீண்டு, அடுத்து வரும் வலப்பக்க வலந்தலைச் சொற்களை மூடிவிடுவது உடனே தெரியும். வீட்டில் ஒருவரிடம், ஒவ்வொரு முறையும் நாணயத்தைச் சுண்டி, பூ விழுந்தால் மென்பொருளை இயக்கியும் தலை விழுந்தால் அணைத்தும் வைக்கச் சொல்லுங்கள். திரையைப் பார்க்காமல் எந்த நிலை என்று நீங்கள் சொல்ல வேண்டும். 16 முறையில் 12 அல்லது அதற்கு மேல் சரியாகச் சொன்னால் வேறுபாடு உண்மையிலேயே காதில் விழுகிறது எனலாம். வெறும் ஊகத்தில் அப்படி அமையும் வாய்ப்பு ஏறத்தாழ 4 விழுக்காடுதான். எட்டு, ஒன்பது என்று நின்றால் அந்த மென்பொருளை நீக்கிவிடலாம். வேறுபாடு கேட்டாலும், அது உங்களுக்குப் பிடித்த வேறுபாடுதானா என்பதைத் தனியே கேட்டு முடிவு செய்யுங்கள்.

இழந்த ஒலியை மீட்பதாகச் சொல்வதை நம்ப வேண்டாம். 128 கிலோபிட் எம்பி3 கோப்பில் சுமார் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி பெரும்பாலும் வெட்டப்பட்டிருக்கும். அவ்விடத்தில் மென்பொருள் நிரப்புவது அதன் சொந்தக் கற்பனையே.

உண்மையில் பயன் தருவது, ஒலியின் ஒவ்வொரு அலைவரிசையையும் தனித்தனியே ஏற்றி இறக்க உதவும் ஈக்வலைசர். விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் ஏதேனும் ஓர் அலைவரிசையை 6 டெசிபெல் ஏற்றினால் மொத்த ஒலியளவைக் கட்டுப்படுத்தும் ப்ரீஆம்ப்பை 6 டெசிபெல் இறக்கிவிடுங்கள். இல்லையென்றால் உச்சங்கள் வெட்டுப்பட்டுக் கரகரக்கும். ஏற்றுவதைவிட, உறுத்தும் இடத்தை இறக்குவதே நல்லது. பாஸ் கும்மென்று அடைத்தால், அதற்கும் முன்பாக ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து இரண்டு முழம் தள்ளிவைத்துக் கேட்டுப்பாருங்கள்.