சுவிட்ச் போர்ட்டில் வரம்பும் எச்சரிக்கையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் வலையமைப்பு வேலைக்குப் புதிதாக வரும் இளைஞர்கள், எங்கள் ஆரம்பகாலப் பிழைகளையே மறுபடியும் விடுவதைப் பார்க்கிறேன். கடவுச்சொல்லை மாற்றாதது, செய்த மாற்றத்தைச் சேமிக்காதது போன்றவை ஒருமுறை பட்டாலே விளங்கிவிடும் என்பதால் அவற்றை விடுகிறேன். சுவிட்ச் (கருவிகளைக் கேபிளால் ஒன்றிணைக்கும் பெட்டி) போர்ட்டுகளில் வரம்பும் எச்சரிக்கையும் வைக்கும்போது நேரும் நான்கு பிழைகளை மட்டும் சொல்கிறேன்.

அப்லிங்கிலும் ஷட்டவுன்

இன்றுவரை எரிச்சலூட்டுவது இதுதான். ஸ்டோர்ம் கொன்ட்ரோல், போர்ட்டுக்குள் வரும் புரோட்காஸ்ட் பொதிகளை (எல்லாக் கருவிகளுக்கும் ஒன்றாகப் போகும் தரவுத் துண்டுகளை) எண்ணி, வரம்பு மீறியவற்றைக் கைவிடும். அப்படி அமைத்திருந்தால் போர்ட்டையே மூடிவிடும் (ஷட்டவுன்). பாவனையாளரின் போர்ட்டை மூடுவது சரி. ஆனால் எல்லாப் போர்ட்டுகளுக்கும் ஒரே கட்டளையை எழுதிப் பழகிய கை, அப்லிங்கையும் (எல்லாச் சுவிட்சுகளையும் இணைக்கும் நடுச் சுவிட்சுக்குப் போகும் போர்ட்டையும்) அதில் சேர்த்துவிடுகிறது.

நிலாவெளியில் ஒரு விடுதி. ஓகஸ்ட் மாதம், அறைகளெல்லாம் நிறைந்திருந்தன. துப்புரவு செய்தவர், தரையில் கிடந்த கேபிள் நுனியை மேசைக்கடியிலிருந்த மலிவான சுவிட்சில் நல்லெண்ணத்தோடு செருகிவிட்டார். மறுநுனியும் அதே சுவிட்சில்தான் இருந்தது. அந்தக் கட்டடம் மட்டும் துண்டிக்கப்பட்டிருந்தால் பாதகமில்லை. இப்படி உண்டான லூப்பில் (பொதிகள் முடிவின்றிச் சுற்றும் வழியில்) பெருகிய பொதிகள் நடுச் சுவிட்ச் வழியாகப் பரவ, மற்றக் கட்டடத்துச் சுவிட்சுகள் ஒவ்வொன்றும் தன் அப்லிங்கில் வரம்பு மீறியதைக் கண்டு தன்னைத்தானே துண்டித்துக்கொண்டன. எச்சரிக்கை அனுப்பும் ஏற்பாடும் இருந்தது. அது போகவேண்டிய வழியே மூடப்பட்ட அப்லிங் என்பதால் அந்தச் சுவிட்சுகளிலிருந்து ஒரு செய்தியும் வரவில்லை. கேபிளைக் கழற்றிய பிறகும் இணைப்பு திரும்பவில்லை. சிஸ்கோ சுவிட்சுகளில் இப்படி மூடிய போர்ட் தானாகத் திறக்கும் வசதி இயல்பில் அணைந்தே இருக்கும்; இயக்கி வைத்தால்தான் 300 செக்கனில் மீண்டும் திறக்கும். சுவிட்சில் நேரடியாகச் செருகிக் கட்டளையிடும் கொன்சோல் கேபிளைத் தூக்கிக்கொண்டு கட்டடம் கட்டடமாக வெயிலில் நடந்தோம். வரவேற்பு மேசையில் கார்ட் மெஷின் வேலை செய்யாமல் விருந்தினர் வரிசையில் நின்றனர்.

அப்லிங்குக்குக் கைவிடுதலும் எச்சரிக்கையும் போதும். அதன் நிலையை நடுச் சுவிட்சின் பக்கத்திலிருந்து கண்காணியுங்கள். செய்தி வெளியேற அங்கேதான் வழி மிஞ்சியிருக்கும்.

வீதத்தில் வரம்பு

கிகாபிட் போர்ட்டில் 1 வீதம் என்றால் 10 மெகாபிட். 64 பைட் பொதிகளாகப் பார்த்தால் செக்கனுக்கு ஏறத்தாழ 14,880. 1 வீதம் சிறிய எண்ணாகத் தோன்றினாலும் அத்தனை ஏஆர்பி கேள்விகளையும் (இந்த ஐபி முகவரி யாருடையது என்று எல்லோரிடமும் கேட்கும் பொதிகளையும்) வலையமைப்பிலுள்ள ஒவ்வொரு கருவியும் வாங்கிப் பார்த்தாக வேண்டும். சாதாரண நாளில் ஓடுவதை அளந்து, செக்கனுக்கு இத்தனை பொதி என்று வரம்பு வையுங்கள்.

ஒரே எல்லை

எச்சரிக்கை எழவும் அடங்கவும் ஒரே எல்லையை வைக்காதீர்கள். போர்ட்டின் பாவனை 80 வீதத்தை எட்டும்போது எச்சரிக்கை எழுமானால், 60க்கு இறங்கிய பிறகே அது அடங்கட்டும். இல்லையேல் 79க்கும் 81க்கும் இடையில் ஊசலாடும் போர்ட் இரவெல்லாம் குறுஞ்செய்தி அனுப்பும். பிறகு எந்தக் குறுஞ்செய்தியையும் யாரும் திறக்கமாட்டார்கள்.

32 பிட் எண்ணி

போர்ட்டில் போகும் பைட்டுகளை எண்ணும் 32 பிட் எண்ணி, முழு கிகாபிட் வேகத்தில் 34 செக்கனில் நிரம்பி மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்கிவிடும். 64 பிட் எண்ணியை எடுங்கள்.