இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே தூரமும் பயண நேரமும்: நாமே கணக்குப் போடுவது எப்படி?

லண்டன் ஹீத்ரோவில் காலை 10 மணிக்குக் கிளம்பும் விமானம் லாஸ் ஏஞ்சலிஸில் பகல் 1 மணிக்கு இறங்குகிறது. அப்படியானால் பயணம் மூன்று மணி நேரமா? இல்லை, பதினொரு மணி நேரம். டிக்கெட்டில் இருப்பவை இரண்டு ஊர்க் கடிகாரங்கள் என்பதால் ஒன்றிலிருந்து மற்றொன்றை அப்படியே கழிக்க முடியாது. தூரத்திலிருந்து தொடங்கினால் குழப்பமே வராது.

படி 1: இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஆன்லைன் வரைபடத்தில் இரு நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுங்கள். ஹீத்ரோ: வடக்கு 51.47, மேற்கு 0.46. லாஸ் ஏஞ்சலிஸ்: வடக்கு 33.94, மேற்கு 118.41.

இரண்டும் மேற்கில் இருப்பதால் தீர்க்கரேகைகளைக் கழிக்கிறோம்: 117.95. ஒன்று கிழக்கு, மற்றது மேற்கு என்றால் கூட்டவேண்டும். கூட்டியது 180ஐத் தாண்டினால் 360லிருந்து கழித்துவிடுங்கள். தெற்கு அட்சரேகைக்கு முன்னால் மைனஸ் குறி போட மறக்கக்கூடாது.

படி 2: தூரம்

சுவரில் மாட்டிய வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போடாதீர்கள். பூமி உருண்டை, அதன்மேல் மிகக் குறுகிய வழி பெருவட்டப் பாதைதான். அதனால்தான் இந்த விமானம் கிரீன்லாந்தின் தென்பகுதி வரை வடக்கே ஏறிப் போகிறது. ஒரு உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள், சட்டென்று புரியும்.

இப்போது கால்குலேட்டர். அது டிகிரி முறையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பலருக்கும் விடை தப்புவது இங்கேதான்.

சைன் 51.47 × சைன் 33.94 = 0.437
கொசைன் 51.47 × கொசைன் 33.94 × கொசைன் 117.95 = −0.242

இரண்டையும் கூட்டினால் 0.195. இதற்குத் தலைகீழ் கொசைன் (கால்குலேட்டரில் cos⁻¹ பொத்தான்) எடுத்தால் சுமார் 78.8 டிகிரி. ஒரு டிகிரிக்கு 111.2 கிலோமீட்டர் என்று பெருக்கினால் சுமார் 8,760 கி.மீ. பூமி துருவங்களில் கொஞ்சம் தட்டையானது என்பதால் இதில் அரை சதவீதம் வரை பிசகலாம். விமானிகள் பேசும் கடல் மைலில் வேண்டுமென்றால் டிகிரியை 60ஆல் பெருக்கினால் போதும்.

படி 3: பறக்கும் நேரம்

பெரிய ஜெட் விமானத்தின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 900 கி.மீ. 8,760ஐ 900ஆல் வகுத்தால் 9 மணி 44 நிமிடம். ஓடுபாதைக்குப் போவது, மேலேறுவது, இறங்குவது எல்லாவற்றுக்கும் அரை மணி நேரம் சேர்த்தால் பத்தே கால் மணி நேரம்.

அப்புறம் காற்று. உயரத்தில் ஜெட் காற்றோட்டம் மேற்கிலிருந்து கிழக்காக வீசுகிறது. மேற்கே போகும்போது அது எதிர்காற்று. ஆகவே இந்தப் பயணம் 11 மணி நேரத்துக்கு நீளும். திரும்பி வரும்போது ஏறத்தாழ ஒரு மணி நேரம் மிச்சம்.

வான்வெளி மூடியிருந்தால் கணக்கே மாறிவிடும். 2022க்குப் பிறகு ரஷ்ய வான்வெளியைச் சுற்றிக்கொண்டு போகும் ஹெல்சிங்கி–டோக்கியோ விமானம், ஒன்பதரை மணி நேரத்துக்குப் பதில் 13 மணி நேரம் அளவுக்கு எடுத்துக்கொள்கிறது.

படி 4: அங்கே மணி என்ன?

காலை 10 மணியோடு 11ஐக் கூட்டினால் லண்டனில் இரவு 9. லாஸ் ஏஞ்சலிஸ் 8 மணி நேரம் பின்தங்கியது. கழித்தால் பகல் 1. சரி, மார்ச் மாதப் பயணம் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். அமெரிக்கா அந்த மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்றும், பிரிட்டன் கடைசி ஞாயிறன்றும் கடிகாரத்தை முன்னால் நகர்த்துகின்றன. இடைப்பட்ட நாட்களில் வித்தியாசம் 7 மணி நேரம்தான். அதே விமானம் பகல் 2 மணிக்கு இறங்கும்.