வீடில்லாத இளைஞர்களுக்கு மருத்துவமும் பல் சிகிச்சையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தெருவில் தூங்குபவர்கள், இரண்டு நாள் ஒரு நண்பர் வீடு, இரண்டு நாள் இன்னொருவர் வீடு என்று ஒண்டிக்கொள்பவர்கள், காப்பகத்தை விட்டு வந்தவர்கள், எப்போது வேண்டுமானாலும் வீட்டிலிருந்து துரத்தப்படக்கூடியவர்கள். இப்படிப்பட்ட இளைஞர்களுக்கு மருத்துவம் பார்க்க வருபவர்களிடம் நல்ல மனசுக்குக் குறைவில்லை. ஆனால் குளியலறை, கைபேசி, பூட்டி வைக்க ஓர் அலமாரி எல்லாம் உள்ளவருக்கு எழுதும் சிகிச்சையையே இவர்களுக்கும் எழுதிவிடுகிறோம். பெரும்பாலான தவறுகள் இங்கேதான் தொடங்குகின்றன.

சொறி சிரங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். பெர்மெத்ரின் 5% களிம்பைக் கழுத்திலிருந்து பாதம் வரை தடவி, 8 முதல் 14 மணி நேரம் விட்டு, குளித்து, துணிகளை வெந்நீரில் துவைத்து, ஒரு வாரம் கழித்து மறுபடியும் தடவ வேண்டும். சீட்டில் எழுதினால் ஒரே வரிதான். தெருவில் இருப்பவர் எங்கே துணியைக் கழற்றுவார், எங்கே குளிப்பார்? எடைக்கேற்ற ஐவர்மெக்டின் மாத்திரை ஒரு வேளை, ஒன்றிரண்டு வாரத்தில் இன்னொரு வேளை என்றால் இந்தச் சிக்கல் இல்லை (கர்ப்பம் இல்லை என்று உறுதிசெய்துவிட்டுத்தான்). கூடவே ஒரு மாற்றுத் துணியும் கொடுங்கள். அதுவும் சிகிச்சையில் சேர்த்திதான்.

தூக்கம் வரவைக்கும் அலர்ஜி மாத்திரையும் இப்படித்தான். வெளியில் படுப்பவர் அசந்து தூங்கினால் பை போகும். அதைவிட மோசமானதும் நடக்கும். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரை தொடக்கத்தில் வயிற்றுப்போக்கு தரலாம். கழிப்பறை கிடைக்காதவர் அதை நிறுத்திவிடுவார், நாமோ கோப்பில் ‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதுவோம். மறுபக்கம், ஃபிரிட்ஜ் இல்லை என்பதற்காக இன்சுலினைக் கைவிடுவதும் தவறு. பயன்படுத்தத் தொடங்கிய இன்சுலின் வகைகளில் பெரும்பாலானவை 30 டிகிரிக்கு மேல் சூடாகாமல் பார்த்துக்கொண்டால் சுமார் 28 நாள் தாங்கும்.

ஒரே வேளையில் முடியும் சிகிச்சை இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவால் வரும் தொண்டைப்புண்ணுக்கு 10 நாள் மாத்திரைக்குப் பதிலாக ஒரே ஒரு பென்சாத்தீன் பென்சிலின் ஊசி போதும். பென்சிலின் அலர்ஜி உண்டா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். எச்.பி.வி. (கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ்) தடுப்பூசியை 9 முதல் 20 வயதுப் பெண்களுக்கு ஒரே தவணையாகவும் போடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் சொன்னது. நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு இது பொருந்தாது. காய்ச்சலுக்கு வந்தவரிடம் ‘தடுப்பூசிக்கு இன்னொரு நாள் வா’ என்றால் அந்த இன்னொரு நாள் பெரும்பாலும் வராது.

பல் விஷயத்தில் மிகப் பரவலான தவறு, சீழ் கட்டிய பல்லுக்கு ஆன்டிபயாட்டிக் மட்டும் எழுதி அனுப்புவது. நோயின் வேர் பல்லுக்குள் இருக்கிறது. திறந்து சீழை வடிக்க வேண்டும், வேர் சிகிச்சை செய்ய வேண்டும், அல்லது பிடுங்க வேண்டும். மாத்திரையில் வலி அடங்கும், ஆள் போய்விடுவார், பிறகு மறுபடியும் வீங்கும். முகவீக்கத்தோடு காய்ச்சல், விழுங்க முடியாமை, வாய் திறக்க முடியாமை இருந்தால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப்போக வேண்டும்.

இதற்கு நேரெதிரான தவறு, ‘திரும்ப வரமாட்டான்’ என்று நாமே முடிவுகட்டி எல்லாவற்றையும் பிடுங்கிவிடுவது. 17 வயதில் முன்பல் போனால், வேலை கேட்டுப் போகும் ஒவ்வொரு இடத்திலும் அது முதலில் தெரியும். இரண்டு மூன்று முறை வர முடியுமா, இன்றே முடிக்க வேண்டுமா என்று அவரிடமே கேளுங்கள். சில்வர் டயமின் ஃப்ளூரைடு என்ற திரவத்தைச் சொத்தையில் தடவினால் ஊசியோ டிரில்லோ இல்லாமல், சில நிமிடங்களில், சொத்தை பரவாமல் தடுக்கப் பார்க்கலாம். ஆனால் சொத்தை உள்ள இடம் கறுத்துவிடும். அதைத் தடவுவதற்கு முன்பே சொல்ல வேண்டும்.

பல் நாற்காலியை யாரும் யோசிப்பதில்லை. மல்லாந்து படுத்து, வாயைத் திறந்து, மேலே ஒருவர் குனிந்து நிற்பது, பாலியல் வன்முறையை அனுபவித்தவருக்குத் தாங்க முடியாததாக இருக்கலாம். பாதியில் எழுந்து ஓடுபவரை முரடர் என்று நினைக்காதீர்கள். கையைத் தூக்கினால் நிறுத்துவோம் என்று சொல்லுங்கள், சொன்னபடி நிறுத்துங்கள். நாற்காலியை முழுதாகச் சாய்க்காமலேயே பல வேலைகளைச் செய்யலாம்.

‘நீ சொல்வதெல்லாம் ரகசியம்’ என்று மொத்தமாக வாக்குக் கொடுப்பதும் ஆபத்து. உயிருக்கு ஆபத்து, சிறார் வன்கொடுமை போன்றவற்றைச் சொன்னால் நாம் தெரிவித்தாக வேண்டியிருக்கும். சட்டம் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் உங்கள் இடத்தின் விதியைத் தெரிந்துகொண்டு, பேச்சைத் தொடங்கும்போதே எல்லையைச் சொல்லிவிடுங்கள். நடுவில் சொன்னால் ஏமாற்றியதாகவே படும்.

அடையாள அட்டை கேட்பது, பெற்றோர் கையெழுத்து கேட்பது, பத்து நிமிடம் தாமதமானால் திருப்பி அனுப்புவது பற்றிச் சொல்ல அதிகமில்லை. சட்டப்படி கட்டாயம் இல்லாதவற்றை எடுத்துவிடுங்கள்.

வேறு இடத்துக்குப் பரிந்துரைக்கும்போது சீட்டை மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள். யாராவது கூடப் போக வேண்டும், குறைந்தது அங்கிருப்பவரோடு அவர் முன்னாலேயே பேசியிருக்க வேண்டும். அப்புறம், கொடுக்கும் பொருட்களையும் ஒருமுறை பாருங்கள். பிரஷுக்கு மூடி இருக்கட்டும், வாய் கொப்பளிக்கும் திரவத்தில் ஆல்கஹால் வேண்டாம். பல் பிடுங்கியவருக்குக் கடித்துக்கொள்ளக் கூடுதலாகக் கட்டுத் துணி (காஸ்), மெல்ல வேண்டாத சாப்பாடு ஒரு பொட்டலம், இரவில் ரத்தம் நிற்காவிட்டால் எங்கே வருவது என்று எழுதிய ஒரு சீட்டு ஆகியவற்றைப் பையில் வைத்து அனுப்புங்கள்.