கொல்லிமலை ஏறி இறங்கித் தரைவண்டு தேட

காரவள்ளியில் தொடங்கும் மலைப்பாதை 70 கொண்டை ஊசி வளைவு ஏறிச் சோளக்காட்டுக்குப் போய்ச் சேர்கிறது. கீழே முட்புதர்க் காடு, மேலே மிளகு படர்ந்த மரமும் காப்பியும். தரையில் ஓடித் திரியும் கராபிடே குடும்பத்து வண்டுகளைத்தான் தரைவண்டு என்கிறோம். அவற்றில் எது எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்க்க இதைவிட வசதியான மலை எனக்குத் தெரியாது. ப்ராஜெக்ட் என்று வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்.

முதலில் அனுமதி. காப்புக்காடு என்றால் வனத்துறையின் கடிதம் கையில் இருக்க வேண்டும். தோட்டம் என்றால் உரிமையாளரிடம் கேளுங்கள். கோயில் காட்டில் குழி தோண்டவே வேண்டாம்.

அப்புறம் இடம். எல்லாரும் 300, 600, 900 மீட்டர் என்று உயரத்தை மட்டும் குறித்துக்கொண்டு கிளம்புகிறார்கள். வண்டுக்கு மீட்டர் கணக்கு தெரியாது. ஈரமும் நிழலும் சருகும்தான் தெரியும். அதனால் ஒவ்வொரு உயரத்திலும் ஓடைக்கரை ஒன்று, காய்ந்த சரிவு ஒன்று என்று ஜோடியாக எடுங்கள். இல்லாவிட்டால் ஈரத்தால் வந்த வித்தியாசத்தை உயரத்தின் கணக்கில் எழுதிவிடுவீர்கள்.

ஓடும் வண்டு தவறி விழ மண்ணில் புதைக்கும் பொறிக்கு வாய் அகன்ற பிளாஸ்டிக் டம்ளர் போதும். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டைப் புதையுங்கள். உள் டம்ளரை மட்டும் தூக்கினால் மண் சரியாது. விளிம்பு மண்மட்டத்துக்குச் சரியாக இருக்கட்டும். ஒரு நூல் தூக்கி நின்றாலும் வண்டு சுற்றிக்கொண்டு போய்விடும். உள்ளே உப்புத் தண்ணீர், அதில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம். அது இல்லாவிட்டால் சின்ன வண்டுகள் மூழ்காமல் மிதந்து தப்பிவிடும். ரேடியேட்டர் கூலன்ட் ஊற்றச் சொல்வார்கள். அது இனிக்கும், நாய் ஆடு குடித்தால் விஷம். மழைக்கு மேலே ஓட்டுத் துண்டு ஒன்றை மூன்று கல்லில் நிறுத்துங்கள். பத்து மீட்டருக்கு ஒரு டம்ளர், எல்லா இடத்திலும் ஒரே எண்ணிக்கை, ஒரே நாட்கள். மழை விழுந்த பிறகு வைத்தால்தான் பலன்.

பொறியில் விழுவது ஓடித் திரியும் வண்டுதான். மரத்தில் வாழும் இனங்களும் இருக்கின்றன, அவை விழாது. ஆகவே இரவில் ஹெட்லைட்டோடு அடிமரங்களைப் பாருங்கள். கல்லைப் புரட்டும்போது எதிர்ப்பக்க விளிம்பைப் பிடித்து உங்கள் பக்கமாகத் தூக்குங்கள். கீழே சுருட்டை விரியன் இருந்தால் அதற்கு வழி அந்தப் பக்கம் திறக்கும்.

சமவெளிப் பொறிகளில் கருப்பாக விழுவதெல்லாம் தரைவண்டு அல்ல. லென்ஸில் பின்னங்கால் நுனியைப் பாருங்கள். தரைவண்டுக்கு ஆறு காலிலும் பாதத்தில் ஐந்து கணு. டெனிப்ரியோனிட் என்ற வேறு குடும்பத்துக் கருப்பு வண்டுக்குப் பின்கால்களில் நான்கே. கல்லடி ஈரத்தில் மஞ்சள் பட்டையோடு இருப்பது பெரும்பாலும் ஃபெரோப்சோஃபஸ் என்ற தரைவண்டுப் பேரினம். வெறும் கையால் பிடித்தால் கொதிநிலையில் ரசாயனத் திரவத்தைப் பீய்ச்சும், விரலில் பழுப்புக் கறை சில நாள் நிற்கும்.

அடுத்து முதுகை மூடியிருக்கும் கெட்டியான மேலிறகை ஊசியால் தூக்கி உள்ளே பறக்கும் சிறகு இருக்கிறதா என்று குறியுங்கள். பலர் விட்டுவிடும் வேலை இது, எனக்கு இதுதான் முக்கியம். ஏரிக்கரை, ஆற்றுவெளி இனங்கள் வெள்ளத்துக்குத் தப்பப் பறந்தாக வேண்டும். மலையுச்சிகளிலோ சிறகு குறுகியவை அதிகம். அவை பக்கத்து மலைக்குப் போக முடியாது, அதனால் ஒரே மலையோடு நின்றுவிடும் இனங்கள் உருவாகின்றன. விதிவிலக்கும் உண்டு. ஆறு வெள்ளைப்புள்ளி கொண்ட ஆந்தியா என்ற தரைவண்டு கீழே நம் முட்புதர்க் காட்டில்தான் ஓடுகிறது, ஆனால் அதற்குப் பறக்கத் தெரியாது.

பிடித்ததை எரிசாராயத்தில் (எத்தனால்) போட்டு, இடம், உயரம், தேதி, ஓடையா சரிவா என்று பென்சிலால் எழுதிய சீட்டையும் உள்ளேயே போடுங்கள். பேனா மை கரைந்துவிடும். டம்ளர் காலியாக இருந்தாலும் பூஜ்யம் என்று ஒரு வரி எழுதுங்கள். இனப்பெயருக்கு பூச்சியியலாளர் ஹெச். இ. ஆண்ட்ரூஸ் இந்தியத் தரைவண்டுகள் பற்றி 1929-லும் 1935-லும் வெளியிட்ட தொகுதிகள் இன்றும் உதவும், ஆனால் பெயர்கள் பல மாறிவிட்டன. சந்தேகம் இருந்தால் பேரினத்தோடு நிறுத்திக்கொண்டு, மாதிரியைச் சென்னையில் உள்ள இந்திய விலங்கியல் ஆய்வுத்துறையின் தென்மண்டல மையத்தில் கேளுங்கள்.