மாருதி 800-இல் கிளட்ச் மாற்றுவது எப்படி?

மேட்டில் ஏறும்போது எஞ்சின் அலறுகிறது, வண்டியோ வேகமெடுக்கவில்லை. பெடலை முழுக்க விட்டபிறகுதான் பிடிக்கிறது. கூடவே கருகல் நாற்றம். இவை தெரிந்தால் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

1983 முதல் 2014 வரை தயாரான மாருதி 800, இந்த வேலையைக் கற்றுக்கொள்ள அருமையான வண்டி. 796 சி.சி., மூன்று சிலிண்டர், சிறிய கியர் பாக்ஸ். கிளட்ச் வெறும் கேபிளில் இயங்குவதால் எண்ணெய்க் குழாய்த் தொல்லை இல்லை. பழகிய மெக்கானிக் அரை நாளில் முடிப்பார். முதன்முறை செய்பவர்கள் இரண்டு நாள் ஒதுக்குங்கள். உடன் ஒருவர் கட்டாயம் இருக்கட்டும்.

எதையும் கழற்றுமுன் கேபிளைப் பாருங்கள். கேபிள் இறுகிக் கிடந்தால் நல்ல பிளேட்டும் வழுக்கும். பெடலைக் கையால் அழுத்தினால் முதல் 2 செ.மீ. அளவுக்கு எதிர்ப்பின்றி இறங்க வேண்டும். அது சரியாக இருந்தால், சமதளத்தில் ஹேண்ட் பிரேக்கை இறுக்கிப் போட்டு, மூன்றாவது கியரில் கிளட்சை மெல்ல விடுங்கள். எஞ்சின் உடனே அணைய வேண்டும். ஓடிக்கொண்டே இருந்தால் கிளட்ச் மாற்றும் வேலை உறுதி.

கிளட்ச் பிளேட், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், பெடலை மிதிக்கும்போது அந்தப் பிடியைத் தளர்த்தும் ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே வாங்குங்கள். முதல் தடவை நான் பிளேட்டை மட்டும் மாற்றினேன். பேரிங் நன்றாகச் சுற்றுகிறதே என்று விட்டுவிட்டேன். நான்கே மாதத்தில் அது கீச்சிட ஆரம்பித்தது. சில நூறு ரூபாய்ப் பொருளுக்காக மறுபடியும் கியர் பாக்ஸை முழுதாக இறக்க வேண்டியதாயிற்று.

இறக்குதல்

பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தைத் தூக்கி, இரு பக்கமும் ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையைக்கூட நீட்டாதீர்கள். ஸ்டாண்டு இல்லையென்றால் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

கியர் எண்ணெயை வடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் கியர் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் ஆக்சிலை உருவும்போது எல்லாம் தரையில் கொட்டும். முன்சக்கரங்களைக் கழற்றி, கீழ் ஆர்மின் பால் ஜாயிண்ட் போல்ட்டை எடுத்து, சக்கரம் பொருந்தும் ஹப்பை வெளிப்பக்கம் இழுத்துப் பிடியுங்கள். கியர் பாக்ஸுக்கும் ஆக்சிலின் உள்முனைக்கும் இடையே லீவர் கொடுத்து நெம்பினால் ஆக்சில் வெளியே வரும். எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீலில் லீவர் படக்கூடாது.

பிறகு கிளட்ச் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள், ரிவர்ஸ் லைட் ஒயர், ஸ்டார்ட்டர் மோட்டார், கியர் ராடு எல்லாவற்றையும் பிரியுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் கைப்பேசியில் படம் எடுங்கள். எந்த போல்ட் எந்தத் துளைக்கு என்பது மறுநாள் மறந்துபோகும். எஞ்சினுக்கு அடியில் மரப்பலகை வைத்து ஒரு ஜாக்கும், கியர் பாக்ஸுக்கு இன்னொரு ஜாக்கும் கொடுத்த பின்பே அவற்றைத் தாங்கும் மவுண்டிங்கைக் கழற்ற வேண்டும். எஞ்சினோடு இணைக்கும் போல்ட்டுகள் எல்லாம் வந்ததும், கியர் பாக்ஸை நேராகப் பக்கவாட்டில் இழுத்து, மெதுவாக இறக்குங்கள்.

கிளட்ச்

உள்ளே கறுப்புத் தூள் படிந்திருக்கும். வாயாலோ காற்றாலோ ஊதாதீர்கள். பழைய பிளேட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். முகக்கவசம் அணிந்து, ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளைச் சிறிது சிறிதாக, எதிரெதிராகத் தளர்த்துங்கள். பழைய கிளட்ச் பிளேட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள்: ரிவெட் தலைக்கும் மேற்பரப்புக்கும் இடையே 0.5 மி.மீ. கூட இல்லையென்றால் அதன் ஆயுள் முடிந்துவிட்டது. பிளேட் எண்ணெயில் நனைந்திருந்தால் கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீலோ, கியர் பாக்ஸின் சீலோ கசிகிறது என்று பொருள். அதை மாற்றாமல் புதுப் பிளேட்டைப் போட்டால் அதுவும் நனைந்து வீணாகும். கிளட்ச் பிளேட் ஒட்டி நிற்கும், எஞ்சினோடு சுழலும் பிளைவீலில் ஆழமான கோடுகளோ நீலம் பாய்ந்த திட்டுகளோ இருந்தால் லேத் பட்டறையில் கொடுத்துச் சமன்படுத்துங்கள்.

புதிய பிரஷர் பிளேட்டின் முகத்தில் துருப்பிடிக்காமல் தடவிய எண்ணெயைத் தின்னரால் துடையுங்கள். கிளட்ச் பிளேட்டின் ஸ்பிரிங் துருத்தும் பக்கம் கியர் பாக்ஸைப் பார்க்க வேண்டும். கிரீஸ் பட்ட கையால் பிளேட்டின் முகத்தைத் தொடாதீர்கள்.

இந்த வேலையின் உயிர்நாடி சென்டரிங்தான். பிளேட் பிளைவீலின் நடுமையத்தில் நிற்காவிட்டால் கியர் பாக்ஸ் ஏறாது. இதற்கான சென்டரிங் கருவி கிடைக்கும். வேறொரு பழைய கியர் பாக்ஸிலிருந்து எடுத்த இன்புட் ஷாஃப்டும் (பிளேட்டின் நடுத்துளையில் நுழையும் பற்கள் கொண்ட தண்டு) போதும். அதை நடுவில் செருகிவைத்தபடியே பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளை எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றாக முடுக்குங்கள். முடுக்கிய பின் ஷாஃப்ட் எந்தப் பக்கமும் உரசாமல் வழுக்கி வெளியே வர வேண்டும். வரவில்லையென்றால் தளர்த்தி மறுபடியும் செய்யுங்கள். இங்கே செலவிடும் பத்து நிமிடம் பிறகு அரை நாளை மிச்சப்படுத்தும்.

புதிய ரிலீஸ் பேரிங்கைப் பொருத்தி, இன்புட் ஷாஃப்டின் பற்களில் துளி கிரீஸ் மட்டும் தடவுங்கள்.

ஏற்றுதல்

கியர் பாக்ஸ் ஏறும்போது கடைசி ஒரு விரற்கடை இடைவெளியில் நின்றுவிடும். எல்லோரும் தவறு செய்வது அங்கேதான்: போல்ட்டைப் போட்டு முடுக்கி இழுத்துவிடலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் பிளேட்டின் நடுப்பகுதி வளையும், கியர் பாக்ஸில் போல்ட் போகும் காதுகூட உடையும். ஏதாவது ஒரு கியரில் போட்டுவிட்டு, உடன் இருப்பவரை கிராங்க் புல்லியை ஸ்பேனரால் மெல்லத் திருப்பச் சொல்லுங்கள். நீங்கள் கியர் பாக்ஸை எஞ்சினுக்கு நேராகப் பிடித்து லேசாக அசையுங்கள். பற்கள் பொருந்தியதும் தானாகவே உள்ளே போய் ஒட்டிக்கொள்ளும். அதன்பிறகுதான் போல்ட்.

மற்றவற்றைக் கழற்றியதற்கு நேர்மாறான வரிசையில் பூட்டுங்கள். ஆக்சில் 'டக்' என்று உட்கார வேண்டும். கையால் இழுத்து, வராததை உறுதிசெய்யுங்கள். பால் ஜாயிண்ட் போல்ட்டை இரண்டு முறை சரிபாருங்கள். வாகனக் கையேட்டில் சொன்ன வகை எண்ணெயை, வண்டி சமமாக நிற்கும்போது, நிரப்பும் துளையின் விளிம்புவரை ஊற்றுங்கள்.

கேபிள் நட்டைத் திருப்பி, பெடலில் மீண்டும் அந்த 2 செ.மீ. தளர்வைக் கொண்டுவாருங்கள். எஞ்சினை இயக்கி, பெடலை முழுக்க மிதித்து ரிவர்ஸ் போடுங்கள். உரசாமல் விழுந்தால் எல்லாம் சரி. முதல் 500 கி.மீ. வரை மேட்டில் கிளட்சில் நிறுத்திப் பிடிப்பதையும், பாரம் ஏற்றுவதையும் தவிருங்கள். அதன்பின் கேபிளின் தளர்வை இன்னொரு முறை அளந்து சரிசெய்யுங்கள்.