ஸ்பீக்கரில் ‘உம்ம்’ சத்தமா? ஒயரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்துச் சரிசெய்வது எப்படி?

பாட்டே ஓடாதபோதும் ஸ்பீக்கர் முனகிக்கொண்டிருந்தால், முதல் வேலையாக விலை கூடிய கேபிள் வாங்கப் போகாதீர்கள். பெரும்பாலும் கோளாறு எர்த் வழியில்தான் இருக்கும். எத்தனை தடித்த கேபிளும் அதைத் தீர்க்காது.

சத்தத்தை அடையாளம் காணுங்கள்

அடிக்குரலில் ஒரே சீராக ‘உம்ம்’ என்றால் அது மின்சாரத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ். காரணம் கிரவுண்ட் லூப்பாகவோ (எர்த் வழியில் உருவாகும் வளையம்), ஷீல்டு (உள் ஒயரைச் சுற்றியுள்ள உலோக உறை) அறுந்த கேபிளாகவோ இருக்கும். சற்றுக் கூர்மையாக ‘ர்ர்ர்’ என்று வந்தால் லைட் டிம்மரை (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சுவிட்சை) அணைத்துப் பாருங்கள். ‘ஸ்ஸ்’ என்றால் வால்யூம் அமைப்பில் தவறு. கேபிளை அசைத்தால் கரகரவென்று வந்துபோனால் பிளக்கில் அழுக்கு அல்லது விட்டுப்போன சோல்டர். மவுஸை நகர்த்தும்போது கீச்சென்று கேட்டால் கம்ப்யூட்டர்தான் காரணம்.

ஸ்பீக்கரில் அல்லாமல் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) பெட்டியிலிருந்தே உறுமல் வந்தால் அது டிரான்ஸ்பார்மரின் அதிர்வு. கேபிளைத் தொட்டுப் பயனில்லை.

படி 1: எல்லாவற்றையும் கழற்றுங்கள்

ஆம்பை அணைத்துவிட்டு, ஸ்பீக்கர் ஒயர்களைத் தவிர எல்லா இன்புட் கேபிள்களையும் உருவுங்கள். பிறகு ஆன் செய்து, வழக்கமாகக் கேட்கும் அளவுக்கு வால்யூமை மெல்ல ஏற்றுங்கள். அதற்கு மேல் ஏற்றினால் காலி சாக்கெட்டே கொஞ்சம் முனகும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். இந்த நிலையிலும் பலமான ‘உம்ம்’ இருந்தால் பழுது ஆம்புக்குள். பவர் சப்ளை கெப்பாசிட்டர் தேய்ந்திருக்கலாம். மெக்கானிக்கிடம் கொடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால் நீங்களே திறக்காதீர்கள்.

படி 2: ஒவ்வொன்றாகச் செருகுங்கள்

ஒவ்வொரு முறையும் ஆம்பை அணைத்துவிட்டே செருகுங்கள். ஆர்சிஏ பிளக்கில் (நடுவில் ஊசி, சுற்றிலும் வளையம் உள்ள ஆடியோ பிளக்) நடு ஊசி முதலில் தொடும், வெளி வளையம் பிறகுதான் தொடும். ஆன் நிலையில் செருகினால் அந்த இடைவெளியில் ‘பொம்’ என்று அடித்து ஸ்பீக்கரைக் கெடுத்துவிடும். எதைச் செருகியதும் சத்தம் வருகிறதோ, அந்தக் கருவிதான் நாம் தேடுவது.

படி 3: கிரவுண்ட் லூப்பை உடையுங்கள்

இரண்டு கருவிகள் தனித்தனியே எர்த்தில் இணைந்திருக்கும். ஆடியோ கேபிளின் ஷீல்டும் அவற்றை இணைக்கும். ஆக ஒரு வளையம் உருவாகிவிடுகிறது. இரு எர்த்துகளுக்கும் இடையே சிறு வோல்டேஜ் வித்தியாசம் இருந்தாலும் ஷீல்டில் மின்னோட்டம் ஓடும். ஆம்ப் அதையும் பாட்டாக எண்ணிப் பெருக்கிவிடும்.

மூன்று சோதனைகள் போதும்:

- லேப்டாப் சார்ஜரைப் பிடுங்குங்கள்.
- டிவி அல்லது செட்டாப் பாக்ஸின் ஆன்டெனா கேபிளைக் கழற்றுங்கள்.
- சப்வூஃபரின் (பேஸுக்கான தனி ஸ்பீக்கர்) சிக்னல் கேபிளை உருவுங்கள்.

எதில் சத்தம் நிற்கிறதோ, லூப் அந்த வழியாக ஓடுகிறது. பலரும் சந்தேகிக்காமல் விடுவது ஆன்டெனா கேபிளைத்தான்.

செலவில்லாத தீர்வை முதலில் பாருங்கள். ஆம்ப், டிவி, சப்வூஃபர் எல்லாவற்றையும் எர்த் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினாலே பல வீடுகளில் சத்தம் அடங்கிவிடும். அடங்காவிட்டால் டிவியிலிருந்து ஆப்டிகல் கேபிள் போடுங்கள். அதில் ஒளி மட்டுமே போவதால் லூப்புக்கு வழியே இல்லை. ஆப்டிகல் போட்டபின் பாட்டு வரவில்லை என்றால் டிவியின் செட்டிங்ஸில் ஆடியோ அவுட்புட்டை ‘பிசிஎம்’ (PCM) என்று மாற்றுங்கள்.

லேப்டாப் வழியாக லூப் என்றால், அதைத் துண்டிக்கும் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் போதும். உள்ளே இரண்டு சிறு டிரான்ஸ்பார்மர்கள்தான் இருக்கும். லேப்டாப்புக்கும் ஆம்புக்கும் நடுவில் மாட்டுங்கள். ஸ்பீக்கர் ஒயரில் மாட்டக் கூடாது. மட்டமானவற்றில் பேஸ் குறையும். ஆன்டெனா வழியாக லூப் என்றால் ஆன்டெனா கேபிளுக்கான கோஆக்சியல் ஐசோலேட்டர் வேண்டும். டிஷ் ஆன்டெனாவுக்கு அந்தக் கேபிள் வழியாகத்தான் மின்சாரமும் போகிறது, அதனால் அந்த மின்சாரத்தை (டிசி) கடத்தாத ஐசோலேட்டரை அங்கே மாட்டினால் படம் வராது.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது: பிளக்கின் எர்த் பின்னை வெட்டுவது. சத்தம் நின்றுவிடும், உண்மைதான். ஆனால் உள்ளே மின்கசிவு ஏற்பட்டால் ஆம்பின் உலோகப் பெட்டியே ஷாக் அடிக்கும்.

ரெக்கார்டு பிளேயர் இருந்தால்

ஊசியிலிருந்து வரும் சிக்னல் சில மில்லிவோல்ட்தான். போனோ ஸ்டேஜ் (ரெக்கார்டு பிளேயர் சிக்னலைப் பெருக்கும் பகுதி) அதை ஏறக்குறைய 100 மடங்கு பெருக்குகிறது. முனகலும் கூடவே பெருகும். பிளேயரிலிருந்து தனியாக வரும் மெல்லிய ஒயரை ஆம்பின் பின்புறம் உள்ள கிரவுண்ட் திருகில் இறுக்குங்கள்.

கேபிளைச் சோதிக்க

இரு முனையையும் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை ஓம் நிலையில் வையுங்கள். ஊசிக்கு ஊசி, வளையத்துக்கு வளையம் ஓரிரு ஓமுக்குள் காட்ட வேண்டும். ஊசிக்கும் வளையத்துக்கும் தொடர்பே இருக்கக் கூடாது. அளக்கும்போது பிளக்கின் கழுத்தை வளைத்துப் பாருங்கள், பெரும்பாலும் அறுந்திருப்பது அங்கேதான். கரண்ட் ஒயரோடு சேர்த்துக் கட்டியிருந்தால் பிரித்து 30 செ.மீ. தள்ளி வையுங்கள். குறுக்கே போயாக வேண்டுமென்றால் செங்குத்தாகக் கடக்கட்டும்.

‘ஸ்ஸ்’ சத்தத்துக்கு

போனில் வால்யூமை 80–90 சதவீதம் வைத்து, ஆம்பில் குறையுங்கள். தலைகீழாக வைத்தால் இரைச்சலும் சேர்ந்து பெருகும்.

கரகரப்புக்கு

பிளக்குகளையும் சாக்கெட்டுகளையும் காண்டாக்ட் கிளீனரால் துடையுங்கள். வால்யூம் குமிழைத் திருப்பும்போது மட்டும் கரகரத்தால், ஆம்பை அணைத்து அதை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் 20 முறை திருப்பிப் பாருங்கள்.